12½ அடி ஹால் டைப் வீட்டுக்கு உள்கதவு: எந்த மரம், எப்படி மாட்டுறது?

நாலாம்மாடி (தாம்வே, ரங்கூன்), நவம்பர் 9

எல்லாருக்கும் வணக்கம். பத்து வருஷம் வாடகை வீட்டில் இருந்துட்டு இப்பத்தான் தாம்வேயில் சொந்தமா ஒரு வீடு வாங்கியிருக்கோம். நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. 12½ அடி அகலம், 50 அடி நீளம், ஹால் டைப். ரங்கூன்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், முன்வாசலில் நின்னா பின்பக்க ஜன்னல் வரைக்கும் ஒரே வெட்டவெளி. பின்னாடி குளியலறைக்கும் கக்கூஸுக்கும் மட்டும் செங்கல் சுவர் இருக்கு. நடுவில் ரெண்டு படுக்கை அறையை நாங்கதான் தடுத்துக்கணும்.

மொத்தம் அஞ்சு கதவு. முன் அறை, நடு அறை, சமையல்கட்டு, குளியலறை, கக்கூஸ். தை பிறந்ததும் பால் காய்ச்சிடணும்னு மாமனாருக்கு ஆசை. அவருக்கு 76 வயசு, ஒரு வருஷமா வாக்கர் பிடிச்சுத்தான் நடக்கிறார். குளியலறைக்குப் பக்கம் என்பதால் நடு அறைதான் அவருக்கு.

எங்க வீட்டுக்காரர், "பர்மாவில் இருந்துக்கிட்டுத் தேக்கு போடாம வேற என்னத்தைப் போடுறது" என்கிறார். அஞ்சும் தேக்குன்னா கையில் இருக்கிற காசு அதோடு சரி. கடையில் ரெடிமேட் கதவு வரிசையா நிறுத்தி வச்சிருக்காங்க, பளபளன்னு இருக்கு, விலையும் பாதிதான். வேலைக்குப் பேசியிருக்கிற லெத்தமா சயா (பர்மியத் தச்சு ஆசாரி), முதல்ல கதவை வாங்கிட்டு வாங்க, அதுக்கு ஏத்த மாதிரி நிலை அடிச்சுக்கலாம்னு சொல்றார். எதை முதல்ல செய்யணும், எந்த அறைக்கு எந்தக் கதவுன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


வயல்வரப்பு (பாகோ), நவம்பர் 9

அக்கா, அந்தப் பளபளக் கதவைத் தொடுறதுக்கு முன்னாடி என் கதையைக் கேட்டுக்குங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி சித்திரையில் நாலு கதவு ரெடிமேட்ல வாங்கி மாட்டினேன். தேக்குன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. பார்வைக்கும் ரேகை ஓடி அழகாத்தான் இருந்துச்சு. ஆடியில் மழை கொட்டும்போது குளியலறைக் கதவோட அடிப்பக்கம் ஊறின ரொட்டி மாதிரி உப்பிப் போச்சு. ஆவணியில் படுக்கை அறைக் கதவும் அதே கதி. கழட்டிப் பார்த்தா உள்ளே மரத்தூளை அழுத்தின அட்டை, மேலே தேக்குத் தோல் ஒரு காகிதக் கனம். கதவோட அடி விளிம்பில் ஒரு சொட்டு பெயின்ட்கூட இல்லை, பச்சையாவே விட்டிருந்தாங்க. கடையில் போய்க் கேட்டா, தண்ணி பட்டதுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு ஒரே வார்த்தையில் முடிச்சுட்டாங்க. நம்ம ஊரில் அஞ்சு மாசம் மழை பெய்யும்னு கதவு விக்கிறவங்களுக்குத் தெரியாதா? இன்னைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கடைக்குப் போனா கதவோட முகத்தைப் பார்க்காதீங்க. போனை அடியில் விட்டு அடி விளிம்பைப் போட்டோ எடுங்க. உள்ளே என்ன இருக்கு, பெயின்ட் அடிச்சிருக்கா இல்லையா, எல்லாம் அந்த ஒரு போட்டோவில் தெரிஞ்சிடும்.


ரயிலடி (இன்செய்ன்), நவம்பர் 10

புதுத் தேக்கு வாங்கக் காசு பத்தலைன்னா பழைய தேக்கு தேடுங்க. ரங்கூனில் பழைய கட்டடம் இடிக்கும்போது கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் தனியா விலைக்குப் போகும். எங்க வீட்டில் மூணு கதவு அப்படி வாங்கினதுதான். வெள்ளைக்காரன் காலத்து மரம், நாலு சட்டக் கதவு, இழைச்சு எடுத்ததும் அந்தத் தோல் வாசனை வீடு பூரா ரெண்டு நாள் இருந்துச்சு. பதினோரு மழை பார்த்தாச்சு, இன்னும் ஒரு தடவைகூட மழையில் உப்பி நிலையில் பிடிச்சதில்லை.

வாங்கும்போது தரையில் படுக்கப் போட்டு நாலு மூலையும் தரையில் உட்காருதான்னு பாருங்க. ஒரு மூலை தூக்கினா முறுக்கின கதவு, அதை எந்த ஆசாரியாலும் நேராக்க முடியாது. மூட்டுகளில் ஆடுதான்னு ஆட்டிப் பாருங்க. மூட்டு ஆட்டத்தைச் சரி பண்ணிடலாம், முறுக்கை முடியாது. ரசீது வாங்கிக்குங்க. தேக்கு விஷயத்தில் சீட்டு இல்லாம வண்டியில் ஏத்தாதீங்க.


உளிச்சத்தம் (மோல்மேன்), நவம்பர் 11

தங்கச்சி, நான் தச்சன். அப்பா, தாத்தா எல்லாரும் அதே வேலை. தாத்தா மோல்மேன் ஆத்தங்கரையில் சாமில்லில் இருந்தவர், சல்வீன் ஆத்தில் மிதந்து வர்ற கட்டையைப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல உங்க லெத்தமா சொன்னது. கதவை வாங்கிட்டு நிலை அடிக்கலாம்னு சொல்றது தப்பு. நிலை சரியா நின்னா சாதாக் கதவுகூட இருபது வருஷம் ஓடும். நிலை அரை அங்குலம் சாஞ்சா தேக்குக் கதவும் தானா திறக்கும், தானா மூடும், கீலைப் பிடுங்கிட்டுத் தொங்கும். என்னைக் கூப்பிட்டு "கதவு பிடிக்குது, இழைச்சுக் கொடுங்க"ன்னு சொல்ற பத்து வீட்டில் ஏழு வீட்டில் கோளாறு நிலையில்தான் இருக்கும்.

உங்க வீட்டில் இன்னொரு சங்கதி இருக்கு. தடுப்பு எதில் வைக்கப் போறீங்க? நாலாம் மாடியில் கீழே பீம் இல்லாத இடத்தில் செங்கல் சுவர் எழுப்பவே கூடாது, தளம் தாங்காது. அப்ப மரச்சட்டம் அடிச்சு ரெண்டு பக்கமும் பிளைவுட் அல்லது சிமென்ட் போர்டு. இந்த மாதிரித் தடுப்பில் நிலையை ஏழு அடியோட நிறுத்தி, பக்கத்துச் சட்டத்தில் ஆணி அடிச்சு விட்டுடுவாங்க. ஆறு மாசத்தில் கதவைச் சாத்தும்போதெல்லாம் தடுப்பு முழுக்கத் தடதடன்னு ஆடும், இடுக்கில் பெயின்ட் கோடு கோடா வெடிக்கும். அதனால நிலைக்கு ரெண்டு பக்கமும் தரையில் இருந்து மேல்தளம் வரைக்கும் ஒரே கட்டையா ஒரு கம்பம் நிறுத்தி, மேலேயும் கீழேயும் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்க. கதவோட கனம் முழுக்க அந்தக் கம்பத்தில்தான் இறங்கணும்.

கனம்னா எவ்வளவுன்னு பாருங்க. 3 அடிக்கு 7 அடி, 1½ அங்குலத் தடிமன்னா 2.6 கன அடி மரம். தேக்கு ஒரு கன அடி சுமார் 40 பவுண்டு. முழுப் பலகையா இருந்தா 105 பவுண்டு, நம்ம பர்மாக் கணக்கில் ஏறக்குறைய 30 வீசை. சட்டம் கட்டிப் பலகை செருகின கதவுன்னா இதில் கணிசமாக் குறையும். எதுவா இருந்தாலும் தேக்குக் கதவுக்கு மூணு கீல், 4 அங்குலம், துருப்பிடிக்காத இரும்பு. ரெண்டு கீலில் தொங்கவிடுறது கதவுக்குச் செய்ற துரோகம்.

நிலைக்குப் பிங்காடோ போடுங்க. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து மழையும் மண்ணும் தின்னும் அசையாத மரம் அது. கரையானுக்கும் அது லேசில் பணியாது. ஆனா ஆணி மடங்கும், பித்தளைத் திருகாணி பாதியில் முறியும். முதல்ல துளை போட்டு, ஒரு இரும்புத் திருகாணியில் சோப்பைத் தடவி ஓட்டிப் பாதை பண்ணிக்கிட்டு, அப்புறம் நல்ல திருகாணியைப் போடணும். செங்கல் சுவர் பக்கம், அதாவது குளியலறை கக்கூஸுக்கு, நிலையோட முதுகுப்பக்கம் சிமென்ட் தொடுற இடம் முழுக்கத் தார் பூசிட்டு, பக்கத்துக்கு மூணா இரும்புப் பட்டை வச்சுச் சுவரில் பதிங்க. எங்க தாத்தா காலத்தில் யேனான்சௌங் கச்சா எண்ணெயைத்தான் வீட்டுத் தூணுக்கெல்லாம் பூசுவாங்க. அந்தக் கறுப்பு வீடுகள் இன்னும் நிக்குது.

மரத்துக்கு வர்றேன். தேக்கு நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும், எந்தத் தேக்குன்னு கேக்கிறவங்க குறைவு. வைரம் பாய்ஞ்ச பாகம் தங்கப் பழுப்பா இருக்கும், வெளிப்பாகம் வெள்ளையா வெளிறி இருக்கும். கரையான் வெள்ளையைத் தின்னும், வைரத்தைத் தொடாது. இப்ப வெள்ளைக்கும் சாயம் ஏத்தி வார்னிஷ் அடிச்சு வச்சுடுறாங்க. கதவோட தலைப்பக்கம், கட்டை முனையைப் பாருங்க, அங்கே சாயம் சரியா ஏறாது, பொய் தெரிஞ்சிடும். அந்தக் காலத்தில் காட்டில் நிக்கிற தேக்கில் அடியில் வளையமா வெட்டிவிட்டு, ரெண்டு மூணு வருஷம் நின்னபடியே செத்துக் காயவிட்டுத்தான் சாய்ப்பாங்க, ஏன்னா பச்சைத் தேக்கு தண்ணியில் மிதக்காது. அப்புறம் ஆத்தில் மிதந்து, டிப்போவில் கிடந்து, சாமில்லில் அடுக்கிக் காய்ஞ்சு, எல்லாம் முடிஞ்சு கதவாகும். ரயிலடித் தம்பி சொன்ன பழைய கதவு ஏன் பிடிக்கலைங்கிறதுக்கு அதுதான் காரணம்.


நாலாம்மாடி (தாம்வே, ரங்கூன்), நவம்பர் 11

அண்ணே, ரொம்ப நன்றி. வீட்டுக்காரரையும் உட்காரவச்சு ரெண்டு தடவை வாசிச்சேன். சில சந்தேகம். நடு அறைக்கு ஜன்னலே கிடையாது. கரண்ட் போனா ஃபேனும் நின்னுடும், மாமனாரை அந்த அறையில் எப்படி வைக்கிறதுன்னு ராத்திரி தூக்கம் வரலை. கதவில் ஏதாவது பண்ண முடியுமா? ரெண்டாவது, அகலம். வாக்கரோட போய்வர எவ்வளவு அகலம் வேணும்? 3 அடி நிலை போதுமா? மூணாவது, 12½ அடியில் நடைக்கு 3 அடி விட்டா அறை 9 அடிதான். கதவு திறந்து இடத்தை அடைக்கும்னு தள்ளுகதவு போடச் சொல்றாங்க.


உளிச்சத்தம் (மோல்மேன்), நவம்பர் 12

நடு அறைக்கு நிலையைக் கதவு உயரத்தோட முடிக்காதீங்க. மேல்தளம் வரை கம்பம் போகுதுன்னு சொன்னேனில்லையா, அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவில் கதவுக்கு மேலே 15, 18 அங்குலம் கிடைக்கும். அதை அடைக்காம சாய்வுப் பலகை வச்சு, உள்பக்கம் கொசுவலை அடிச்சு விடுங்க. சூடு மேலே ஏறி அந்த வழியா வெளியே போகும். உள்ளே வர்ற காத்துக்கு வழி வேணுமே, அதுக்குக் கதவோட கீழ்ப் பலகைக்குப் பதிலாவும் சாய்வுப் பலகை. கீழே நுழைஞ்சு மேலே போனால்தான் காத்து ஓடும், ஒண்ணு மட்டும் வச்சா பிரயோசனம் இல்லை. நம்ம பழைய மரவீடுகளில் எல்லாக் கதவுக்கு மேலேயும் கிராதி வச்சிருப்பாங்க. கரண்ட் இல்லாத காலத்துக்காரங்க கண்டுபிடிச்சது, இன்னைக்கு மறுபடியும் அது நமக்கு வேண்டியிருக்கு.

அகலம். கடையில் 3 அடி நிலைன்னு சொல்றது வெளி அளவு. 2½ அங்குல நிலைக்கால் ரெண்டு போனா உள்ளே 31 அங்குலம். நிலைக் காடியில் (கதவு உட்கார வெட்டின பள்ளத்தில்) உட்கார்ந்த கதவு நேராத் திறந்து நின்னா அதோட தடிமனும் வழியில் நிக்கும், மிஞ்சுறது 30 அங்குலம். வாக்கரை விரிச்சு வச்சு அளந்து பாருங்க, அதுக்கு மேல ரெண்டு பக்கமும் கை முட்டிக்கு ஒவ்வொரு அங்குலமாவது வேணும். நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் தாங்கணும்னா மாமனார் அறைக்கு வெளி அளவு 3 அடி 3 அங்குலம் வச்சுடுங்க. நிலையில் கீழ்ப்படி வேண்டாம். காலை இழுத்து நடக்கிறவங்களுக்கு அரை அங்குலப் படியும் மலைதான்.

தள்ளுகதவு இடம் மிச்சம் பண்ணும், உண்மைதான். ஆனா அவர் ஒரு கையில் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுக் கதவைப் பக்கவாட்டில் இழுக்கணும். மேல் தண்டவாளம் நல்ல தரமா இருந்தா ஒரு விரலில் ஓடும், மட்டமா இருந்தா ஒரு வருஷத்தில் இழுக்க ஆள் வேணும். சமையல்கட்டுக்குத் தள்ளுகதவு போடுங்க. அவர் அறைக்குக் கீல் கதவு, உள்பக்கம் திறந்து சுவரோட ஒட்டி நிக்கிற மாதிரி. சுவிட்ச் தாழ்ப்பாள் பக்கம் இருக்கணும், கதவுக்குப் பின்னாடி போயிடக் கூடாது, எலக்ட்ரீஷியனிடம் இப்பவே சொல்லிடுங்க.


கைவைத்தியம் (தென் ஒக்கலாப்பா), நவம்பர் 12

நான் பதினெட்டு வருஷம் முதியவங்களைப் பார்த்துக்கிற வேலை செஞ்சவ. எல்லாத்தையும் விட முக்கியமானதைச் சொல்றேன். குளியலறைக் கதவும் கக்கூஸ் கதவும் வெளிப்பக்கம் திறக்கணும்.

நான் பார்த்துக்கிட்ட ஒரு அம்மா, உள்ளே வழுக்கி விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தாங்க. உள்பக்கம் திறக்கிற கதவு. தள்ளினா அவங்க மேலே இடிக்குது, தள்ளாம உள்ளே போக முடியலை. மகன் கதவோட கீல் பக்கத்தைக் கடப்பாரையால் பேர்த்து எடுக்க இருபது நிமிஷம் ஆச்சு. அந்த இருபது நிமிஷம் அவங்க எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. பிழைச்சுட்டாங்க. ஆனா அன்னையில் இருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதல்ல பார்க்கிறது குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னுதான்.


ஒரு வாசகர் (மாண்டலே), நவம்பர் 13

வெளிப்பக்கம் திறந்தா 3 அடி நடையில் போறவங்க மேலே இடிக்காதா? குளியலறைக் கதவு வெளியே திறக்கக் கூடாதுன்னு எங்க வீட்டில் பெரியவங்க சொல்லுவாங்க.


கைவைத்தியம் (தென் ஒக்கலாப்பா), நவம்பர் 13

இடிக்கும்தான். அஞ்சு பேர் இருக்கிற வீட்டில் ஒரு வாரத்தில் பழகிடும். பெரியவங்க சொன்னதை நான் குறைச்சுச் சொல்லலை, ஆனா அவங்க காலத்தில் குளியலறை கொல்லைப்புறத்தில் விசாலமா இருந்தது. இங்கே 4 அடிக்கு 5 அடி. உள்ளே ஒருத்தர் விழுந்தா கதவு திறக்க இடமே இல்லை.


உளிச்சத்தம் (மோல்மேன்), நவம்பர் 13

ஒக்கலாப்பா அக்கா சொன்னதுதான் சரி. தாழ்ப்பாளும் வெளியே இருந்து காசை வச்சுத் திருப்பினா திறக்கிற மாதிரி கிடைக்குது, அதைப் போடுங்க. மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டின்னு வேண்டவே வேண்டாம்.

இந்த ரெண்டு இடத்துக்கும் தேக்கு வேண்டாம், சொல்லிட்டேன். தினம் நாலு தடவை தண்ணி அடிக்கிற இடத்தில் பிளாஸ்டிக் கதவு போட்டுட்டு நிம்மதியா இருங்க. உள்ளே இரும்பு வச்ச கனமான ரகமாப் பாருங்க, வெறும் பொள்ளல் தகடு வாங்கினா கீல் ஸ்க்ரூ கழண்டு வந்துடும். பார்வைக்கு அழகு இல்லைதான். நான் மரத்தில் வாழ்றவன், எனக்கே சொல்லக் கஷ்டமா இருக்கு.


மலையடி (மாண்டலே), நவம்பர் 15

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தைத் தாண்டி வந்தவங்க சார்பா ஒரு வார்த்தை. 7.7 அளவு. எங்க தெருவில் விழாம நின்ன வீடுகளிலும் கதவு கதவா அடைச்சுக்கிச்சு. எங்க தம்பி படுக்கை அறையில் மாட்டிக்கிட்டு ஜன்னல் வழியா வந்தான். சுவர் ஒரு விரற்கடை நகர்ந்ததும் நிலை சதுரம் கெட்டு, கதவை மேல் மூலையில் கவ்விப் பிடிச்சுக்கிச்சு. இறுக்கமாப் பொருத்தின கதவுகள்தான் முதல்ல மாட்டினது. இடுக்கு விட்டு மாட்டின பழைய கதவுகள் திறந்துச்சு.

அந்த நிலநடுக்கம் வந்த சகாயிங் பிளவுக்கோடு ரங்கூனிலிருந்தும் ரொம்பத் தூரத்தில் இல்லை. நிலை நிறுத்தும்போது ரெண்டு குறுக்கு மூலையையும் டேப் வச்சு அளந்து எழுதி வச்சுக்குங்க. ரெண்டும் சமமா இருந்தா சதுரம். அந்த அளவைக் கதவுத் தலையில் பென்சிலில் எழுதி வச்சிருக்கேன் நான். எப்ப அதிர்வு வந்தாலும் அளந்து பார்த்துச் சுவர் நகர்ந்திருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்.


வயல்வரப்பு (பாகோ), நவம்பர் 15

ஆசாரி அண்ணே, இடுக்கு எவ்வளவு விடணும்? எங்க ஆள் காயிதம்கூட நுழையாம மாட்டிக் கொடுத்தார், அப்போ அதைப் பெருமையா நினைச்சேன்.


உளிச்சத்தம் (மோல்மேன்), நவம்பர் 16

மேலேயும் ரெண்டு பக்கமும் ⅛ அங்குலம். கீழே டைல் போட்டபிறகு ⅜ அங்குலம், காலடி மிதி போடுற வீடுன்னா அரை. டைல் வேலை முடியுறதுக்கு முன்னாடி கதவை அறுக்கவே கூடாது. நிலைக்கால் தளத்தைத் தொட்டு நிக்கட்டும், டைல் அதைச் சுத்தி வரட்டும், கதவை கடைசியில் மாட்டுங்க.

எந்த மாசத்தில் மாட்டுறீங்கங்கிறதும் கணக்கு. மாசி பங்குனியில் மரம் எலும்பாக் காய்ஞ்சு சுருங்கி நிக்கும். அப்ப காயிதம் நுழையாம மாட்டினா ஆடியில் அடிச்சுத்தான் திறக்கணும். ஆடியில் சரியா இழைச்சு மாட்டினா பங்குனியில் இடுக்கு வழியா விரல் போகும். கார்த்திகை, மார்கழி நல்ல காலம், மழையில் குடிச்சதை மரம் பாதி விட்டிருக்கும். சித்திரைத் தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடி எந்த வேலையையும் ஆரம்பிக்காதீங்க, ஆட்கள் ஊருக்குப் போயிட்டா நிலை மட்டும் நிறுத்தின வீட்டில் பதினைஞ்சு நாள் உட்கார்ந்திருக்கணும்.

எவ்வளவு அசையும்னு கேட்டா, அது கட்டுமானத்தைப் பொறுத்தது. மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். நாலு பலகையை ஒட்டி 3 அடி அகலம் பண்ணின கதவு, மழைக்கும் வெயிலுக்கும் கால் அங்குலம் வரை போய்வரும். சட்டக் கதவில் நாலரை அங்குலச் சட்டம் ரெண்டுதான் அகலவாக்கில் இருக்கு, குறுக்குச் சட்டங்கள் நீளவாக்கில் கிடக்கு, அதனால மொத்த அசைவு ஒரு நூலுக்குள்ளே (⅛ அங்குலம்) அடங்கிடும். நடுவில் இருக்கிற பலகை காடிக்குள்ளே சும்மா செருகி நிக்கணும், பசை போடக் கூடாது. பசை போட்டா பலகை சுருங்க இடமில்லாம நடுவில் வெடிக்கும். சட்டங்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ற கழுந்துக்கும் துளைக்கும் மட்டும்தான் பசை. ஆசாரி இதில் அவசரப்பட்டா அந்தக் கதவு எந்த மரமானாலும் வீண்.

மரம் காய்ஞ்சிருக்கான்னு பார்க்க மீட்டர் இல்லைன்னா ஒரு துண்டு வெட்டி வாங்கி, வாரா வாரம் சமையல் தராசில் எடை போட்டு எழுதுங்க. எடை குறையறது நின்னபிறகு கதவு பண்ணுங்க.

இன்னொண்ணு, கதவுக்கு ஆறு முகம். முன்னாடி பின்னாடி மட்டும் வார்னிஷ் அடிச்சுட்டு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விட்டுடுறாங்க. ஈரம் நுழையறதே அங்கேதான். மாட்டுறதுக்கு முன்னாடி படுக்கப்போட்டு ஆறு முகமும் அடிச்சுடணும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, தின்னர் தொட்ட துணியால் துடைச்சுட்டு அடிச்சா வார்னிஷ் சரியாக் காயும்.


ரயிலடி (இன்செய்ன்), நவம்பர் 17

அப்போ அண்ணே, அஞ்சில் எதுக்குத்தான் தேக்கு?


உளிச்சத்தம் (மோல்மேன்), நவம்பர் 17

முன் அறைக்கும் மாமனார் அறைக்கும். காசு பத்தலைன்னா மாமனார் அறைக்கு மட்டும், முன் அறைக்கு நீர் தாங்குற பிளைவுட் ஃப்ளஷ் கதவு (சட்டம் தெரியாத தட்டைக் கதவு). அதிலும் பூட்டு உட்கார்ற இடத்திலும் கீல் உட்கார்ற ஓரத்திலும் உள்ளே கட்டை இருக்கான்னு விரலால் தட்டிக் கேளுங்க, பொள்ளல் சத்தம் வந்தா வேண்டாம். காசு இருக்குன்னு அஞ்சும் தேக்கு போட்டுட்டு, நிலைக்கு ஈரக் கட்டையும் ரெண்டு கீலும் போட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கேன். அந்த வீட்டுக் கதவை இழைக்கும்போது கை நடுங்கும். நல்ல மரம், தப்பு செய்யாத மரம், அதைச் சுருள் சுருளா வெட்டி எறிய வேண்டியிருக்கேன்னு.


நாலாம்மாடி (தாம்வே, ரங்கூன்), ஜனவரி 31

மன்னிக்கணும், ரெண்டு மாசமா எழுத முடியலை. தை பிறந்ததும் பால் காய்ச்சியாச்சு. நடந்ததைச் சொல்லிடுறேன், அடுத்து செய்றவங்களுக்கு உதவும்.

வீட்டுக்காரரும் ரயிலடித் தம்பி சொன்ன மாதிரியே அலைஞ்சு, ரெண்டு பழைய தேக்குக் கதவு வாங்கிட்டு வந்தார். ஒண்ணு 2 அடி 9 அங்குலம், இன்னொண்ணு 3 அடி. மாடிப்படி வளைவில் திருப்பவே முடியலை. கடைசியில் தெருப்பக்கம் பால்கனியில் கயிறு கட்டித் தூக்கினாங்க, மாடியில் இருந்து தொங்கவிடுற கயித்துக் கிளிப்பில் பேப்பர்க்காரர் கீழே நின்னு பேப்பர் மாட்டுவாரே அதே பக்கம். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரெண்டும் மேலே வந்து சேர்ற வரைக்கும் கண் எடுக்காம பார்த்தார்.

பெயின்டைச் சுரண்டினா மேலே நீலம், அதுக்குக் கீழே வெள்ளை, அதுக்குக் கீழே கரும்பச்சை, அதுக்கும் கீழே காவி. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும்னு ஒக்கலாப்பா அக்கா போனில் எச்சரிச்சாங்க. குழந்தைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு, பால்கனியில் தண்ணி தொட்டுத் தேய்ச்சு, சுரண்டினதை எல்லாம் பொட்டலம் கட்டி எறிஞ்சோம். பழைய கீல் குழியில் தேக்குத் துண்டு வெட்டி ஒட்டி, புதுசா மூணு கீல். லெத்தமா சயா முதல்ல கம்பம் மேல்தளம் வரை எதுக்குன்னு தயங்கினார். இங்கே ஆசாரி அண்ணன் எழுதின காரணத்தை வீட்டுக்காரர் பர்மிய மொழியில் எடுத்துச் சொன்னதும் ஒத்துக்கிட்டுச் செஞ்சார், தூக்குக்குண்டு விட்டு ரெண்டு பக்கமும் தானே சரிபார்த்தார். இப்பக் கதவைச் சாத்தினா தடுப்பில் ஒரு அசைவு கிடையாது.

3 அடிக் கதவு மாமனார் அறைக்கு. அதோட கீழ்ப் பலகையை எடுத்துட்டுச் சாய்வுப் பலகை, மேலே 16 அங்குலக் கிராதி. முந்தாநாள் கரண்ட் போன ராத்திரி அவர் அறையிலேயே படுத்துத் தூங்கினார், கூடத்துக்கு வரலை. குளியலறையும் கக்கூஸும் பிளாஸ்டிக், வெளிப்பக்கம் திறக்குது. சமையல்கட்டுக்குக் கதவை இப்போதைக்குத் தள்ளி வச்சிருக்கோம், துணித் திரை போதும்.

ரெண்டு விஷயம் பாக்கி. மாமனார் அறைக் கதவு ஒரு வாரமா மேல் மூலையில், தாழ்ப்பாள் பக்கம், லேசா உரசுது. முன் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் பக்கம் இடுக்கு கால் அங்குலம் தெரியுது, வெளிச்சம் வருது. ஒரு மரப்பட்டி அடிச்சு அடைச்சிடலாமா?


உளிச்சத்தம் (மோல்மேன்), பிப்ரவரி 1

மனசு நிறைஞ்சுது தங்கச்சி. ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

உரசுற கதவை இழைக்க விடாதீங்க. மேல் கீல் இறங்கியிருக்கு, அவ்வளவுதான். கதவுக்கு அடியில் ரெண்டு ஆப்பு வச்சுத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, மேல் கீலில் நிலைப்பக்கம் இருக்கிற திருகாணிகளில் ஒண்ணைக் கழட்டி, அதே துளையில் 3 அங்குலத் திருகாணி போடச் சொல்லுங்க. அது நிலையைத் தாண்டிக் கம்பத்தில் போய்ப் பிடிக்கும், கதவு தானா மேலே ஏறிடும். பிங்காடோ என்பதால் முதல்ல துளை, அப்புறம் சோப்பு, மறக்காதீங்க.

முன் அறைக்குப் பட்டி வேண்டாம், இப்ப அடைக்காதீங்க. இது மரம் சுருங்குற மாசம். வெளிச்சம் கண்ணை உறுத்தினா உள்பக்கம் ஒரு திரை போட்டுக்குங்க. ஆடியில் மழை நல்லாப் பிடிச்சு பத்து நாள் கழிச்சு, ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்துக் கதவைச் சுத்தி இடுக்கில் ஓட்டிப் பாருங்க. எங்கேயும் தடங்காம சுத்தி வந்து, அட்டைக்கு மேல ஒரு அட்டையும் சேர்ந்து போச்சுன்னா அப்ப எனக்கு எழுதுங்க, பட்டி எத்தனை நூல் கனம்னு அளவு சொல்றேன்.


நாலாம்மாடி (தாம்வே, ரங்கூன்), பிப்ரவரி 3

நீளத் திருகாணி போட்டாச்சு அண்ணே, உரசல் நின்னுடுச்சு. காலண்டர் அட்டையைக் கதவுக்குப் பின்னாடியே ஆணியில் மாட்டி வச்சிருக்கேன், ஆடியில் பார்க்கிறேன்.